கரைக்கு எந்தப் பக்கம் உங்கள் வயல்?: கோசி ஆறும் வடக்கு பிகாரும்

பிகாரின் வெள்ளத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் கட்டாயம் எடுத்துவைக்கும் ஒரு கணக்கு உண்டு. 1950-களின் தொடக்கத்தில் அந்த மாநிலத்தில் ஆறுகளின் ஓரமாகப் போடப்பட்டிருந்த மண்கரைகளின் மொத்த நீளம் சுமார் 160 கிலோமீட்டர். வெள்ளம் பாயக்கூடிய நிலம் என்று அப்போது கணக்கிட்டது சுமார் 25 லட்சம் ஹெக்டேர். அரை நூற்றாண்டுக்குப் பிறகு கரைகளின் நீளம் 3,400 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வெள்ள அபாய நிலம் 68.8 லட்சம் ஹெக்டேர் ஆகிவிட்டது. மாநிலத்தின் மொத்தப் பரப்பில் இது 73 சதவீதம்.

கரை கூடக்கூட வெள்ள நிலம் குறைந்திருக்க வேண்டும். இங்கே இரண்டும் கைகோத்துக்கொண்டு வளர்ந்திருக்கின்றன. இதைக் காட்டி, கரைதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறவர்களும் உண்டு. அது கொஞ்சம் அவசரம். ஐம்பது வருஷத்தில் கணக்கெடுக்கும் முறை மாறியிருக்கும். சாலை, ரயில் பாதை, கால்வாய் என்று தண்ணீரின் வழியை மறிக்கும் மேடுகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் பிகாரின் ஆறுகளில் கோசியை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் ஒன்று புரியும். கரை போட்ட பிறகும் வெள்ளம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அது யாருடைய வயலுக்கு வரும், எந்த மாதத்தில், எவ்வளவு நாள் தங்கும், போகும்போது எதை விட்டுவிட்டுப் போகும் என்பவைதான் மாறிவிட்டன. ஒரு விவசாயிக்கு இந்த நான்கும் சேர்ந்ததுதான் வெள்ளம்.

கோசி சாதாரண ஆறு இல்லை. நேபாளத்தில் அதற்கு சப்த கோசி என்று பேர். ஏழு ஆறுகள் சேர்ந்தது. அதில் ஒன்றான அருண் திபெத்திலிருந்து இமயத்தைக் குடைந்துகொண்டு வருகிறது. எவரெஸ்டும் கஞ்சன்ஜங்காவும் இதன் நீர்ப்பிடிப்புப் பகுதியின் விளிம்பில்தான் நிற்கின்றன. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தடித்து வரும் தண்ணீர், நேபாளத்தின் சத்ரா என்ற இடத்தில் மலையை விட்டு வெளியே வந்ததும் திடீரென்று தட்டையான சமவெளியில் கால் வைக்கிறது. வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் சுமையை இறக்கிவைத்தாக வேண்டும். சுமை என்றால் மணலும் வண்டலும்தான்: ஆண்டுக்குச் சுமார் 10 கோடி டன். லாரிக்குப் பத்து டன் என்று வைத்துக்கொண்டால் ஒரு கோடி லாரி. அதில் பெரும்பங்கு மழைக்கால மாதங்களில் மட்டுமே வந்து சேர்கிறது.

இறக்கிய மணல் ஆற்றின் படுகையை உயர்த்தும். படுகை உயர்ந்தால் பக்கத்தில் உள்ள நிலம் பள்ளமாகிவிடும். ஆறு அந்தப் பள்ளத்துக்கு இடம் மாறும். அங்கேயும் மணல் சேரும், மறுபடி மாறும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இப்படி மாறி மாறி ஓடித்தான் சுமார் 15,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள ஒரு மாபெரும் விசிறியைக் கோசி கட்டியிருக்கிறது. சத்ரா அந்த விசிறியின் பிடி. கிழக்கே பூர்ணியா, மேற்கே சஹர்சா, தர்பங்கா எல்லாம் அதன் மடிப்புகள். 18-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் பூர்ணியா பக்கம் ஓடிய ஆறு, 1950 வாக்கில் 100 கிலோமீட்டருக்கும் மேல் மேற்கே நகர்ந்து சஹர்சாவையும் தாண்டிவிட்டிருந்தது. நகர்ந்த வழியெல்லாம் பழைய தடங்களை விட்டுப்போயிருக்கிறது. கிழக்குப் பகுதியில் இன்றும் ஓடை, குட்டை, தாழ்ந்த வயல் வரிசை என்று அவற்றைப் பார்க்கலாம். அந்தத் தடங்கள் செத்துப்போனவை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2008-இல் தெரிந்தது, தூங்கிக்கொண்டுதான் இருந்தன என்று.

கரை இல்லாத அந்தக் காலத்தைச் சிலர் பொற்காலமாகச் சித்திரிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊரே காலியாகி ஓடியதும், நல்ல வயல் ஒரே பருவத்தில் மணல் திட்டாக மாறியதும், மலேரியாவும் காலராவும் அந்தப் பொற்காலத்தின் பகுதிகள்தான். ஆனால் ஒரு வித்தியாசம் இருந்தது. வெள்ளம் அகலமாகப் பரவியது. அகலமாகப் பரவியதால் பெரும்பாலான இடங்களில் ஆழம் குறைவு. ஓரிரு வாரத்தில் வடிந்துவிடும். வடிந்தபின் மெல்லிய வண்டல் படலம் மிஞ்சும். மணலும் வண்டலும் ஒன்றல்ல என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். கனமான மணல் ஆற்றின் ஓட்டத்துக்கு அருகிலேயே படிந்துவிடும். தூரத்து வயலுக்குப் போய்ச் சேர்வது நுண்ணிய வண்டல் மட்டுமே. முன்னது வயலைக் கொல்லும், பின்னது வளர்க்கும். தண்ணீர் மெதுவாக, வெகுதூரம் பரவும்போதுதான் இந்தச் சல்லடை வேலை நடக்கும்.

கரை போடலாமா வேண்டாமா என்ற விவாதம் சுதந்திரத்துக்கு முன்பே நடந்தது. 1937 நவம்பரில் பாட்னாவில் கூடிய வெள்ள மாநாட்டில், அப்போதைய தலைமைப் பொறியாளர் கேப்டன் ஹால் கரைகளுக்கு எதிராகப் பேசினார். ஆற்றை நெருக்கி அடைத்தால் இன்றைக்கு நிம்மதி கிடைக்கும், நாளைக்குப் பெரிய ஆபத்து வரும் என்பது அவர் வாதத்தின் சாரம். கோசிக்கு நேபாளத்தின் பராஹ க்ஷேத்திரத்தில் மிக உயரமான அணை ஒன்று கட்டலாம் என்ற யோசனையும் அந்தக் காலத்தில்தான் எழுந்தது. 1953, 1954 இரண்டு வருஷமும் வெள்ளம் வந்தபோது, அணைக்குக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. 1954-இல் பொறியாளர்கள் கன்வர் செய்ன், கே. எல். ராவ் இருவரும் சீனாவுக்குப் போய் மஞ்சள் ஆற்றின் கரைகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். கரைக்கு ஆதரவான குரல் வலுத்தது. (அந்த மஞ்சள் ஆறு பல இடங்களில் சுற்றியுள்ள ஊர்களைவிட உயரத்தில், பல்லக்கில் போவது போல ஓடுகிறது என்பதும் அப்போதே தெரிந்த செய்திதான்.) 1954 ஏப்ரல் 25-இல் இந்தியாவும் நேபாளமும் ஒப்பந்தம் போட்டன. 1955 ஜனவரியில் வேலை தொடங்கியது. ஆற்றுக்கு இருபுறமும் மண்கரை. நேபாள எல்லைக்குள் பீம்நகர் அருகே 56 ஷட்டர்களுடன் ஒரு தடுப்பணை. பீர்பூர் பராஜ் என்று செய்திகளில் வருவது அதுதான். 2.14 லட்சம் ஹெக்டேர் நிலத்துக்குப் பாதுகாப்பு என்பது வாக்குறுதி.

இரண்டு கரைக்கும் நடுவே சில இடங்களில் பத்து கிலோமீட்டருக்கும் மேல் இடைவெளி. அந்த இடைவெளி காலி இடமாக இருக்கவில்லை. அங்கே ஊர்கள் இருந்தன, வயல்கள் இருந்தன. கரை வந்த அன்றே கோசி விவசாயிகள் மூன்று வகையாகப் பிரிந்துபோனார்கள். கரைக்கு உள்ளே இருப்பவர்கள், கரைக்கு வெளியே ஒட்டினாற்போல இருப்பவர்கள், வெளியே தொலைவில் இருப்பவர்கள்.

உள்ளே

கோசியைப் பற்றிப் பல ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து ஆவணப்படுத்திய பொறியாளர் தினேஷ் குமார் மிஸ்ராவின் கணக்கில், இந்தியப் பகுதியில் மட்டும் இரு கரைகளுக்கு நடுவே 380 ஊர்கள். மக்கள்தொகை பத்து லட்சம் அளவில் இருக்கும். இவர்களுக்கு மறுவாழ்வுத் திட்டம் என்று ஒன்று இருந்தது. கரைக்கு வெளியே வீட்டுமனை தருவார்கள். வயலுக்கு வயல் கிடையாது. வீடு வெளியே, சோறு போடும் நிலம் உள்ளே என்றால் எத்தனை நாள் நடப்பது? அதுவும் ஆற்றின் கிளைகளைப் படகில் கடந்து நடக்க வேண்டும். கொடுத்த மனைகள் பலவற்றில் தண்ணீர் தேங்கியது. போனவர்களில் பலர் திரும்பி உள்ளேயே வந்துவிட்டார்கள்.

உள்ளே இருக்கும் வயலுக்கு வெள்ளம் விபத்தாக வருவதில்லை. அது நாள்காட்டியில் உள்ள நிகழ்ச்சி. ஜூன் முதல் அக்டோபர் வரை எந்த நாளும் வரலாம். முன்பு விசிறி முழுக்கப் பரவிய தண்ணீர் இப்போது இந்த ஒரு பட்டைக்குள் ஓடுவதால் ஆழமும் வேகமும் கூடிவிட்டன. அதைவிட மோசம், முன்பு விசிறி முழுக்கப் பங்கு போட்டுக்கொண்ட மணலும் இப்போது இந்தப் பட்டைக்குள்ளேயே. ஆறு இதற்குள்ளேயும் வலமும் இடமுமாக அலைகிறது. போன வருஷம் நெல் விளைந்த இடம் இந்த வருஷம் ஆறு ஓடும் இடம். அடுத்த வருஷம் அது மணல் திட்டாக வெளியே வரலாம். திட்டு வந்தால் முதலில் நாணல் வகைப் புல் முளைக்கும். அப்புறம் அதில் தர்பூசணி, வெள்ளரி, பர்வல் என்ற காய் எல்லாம் போடுவார்கள். இரண்டு மூன்று வெள்ளம் நல்ல வண்டலைக் கொண்டுவந்து பூசினால் கோதுமையோ மக்காச்சோளமோ வரும். அதற்குள் ஆறு மனம் மாறாமல் இருக்க வேண்டும்.

நிலம் ஆற்றுக்கு அடியில் போனாலும் பட்டாவில் பேர் நிற்கும். வரி ரசீதும் வரும். தண்ணீருக்கு எதற்கு நிலவரி என்று கேட்டு அங்கே போராட்டங்கள் நடந்திருக்கின்றன. இங்குள்ளவர்களின் நலனுக்கென்று 1987-இல் ஓர் ஆணையமே அறிவிக்கப்பட்டது. அதன் பேர் தெரிந்தவர்களைவிட, அதன் அலுவலகம் எங்கே என்று தேடியவர்கள் அதிகம்.

வெளியே, கரையை ஒட்டி

பாதுகாக்கப்பட்டவர்கள் என்று காகிதத்தில் சொல்லப்படுகிறவர்கள் இவர்கள். ஆற்று வெள்ளம் நேரடியாக வராது, உண்மைதான். ஆனால் இவர்கள் வயலில் பெய்யும் மழைக்கும், சுற்றுவட்டாரத்துச் சிற்றாறுகளுக்கும் போக்கிடம் கோசிதானே? நடுவில் கரை நிற்கிறது. அதற்காகத்தான் கரையில் மதகு வைத்தார்கள். வெளியே தண்ணீர் தேங்கினால் மதகைத் திறந்து ஆற்றுக்குள் விடலாம் என்பது திட்டம்.

படுகை உயர்ந்ததும் அந்தத் திட்டம் தலைகீழாகிவிட்டது. ஆற்றின் மட்டம் வெளியே உள்ள வயலைவிட உயரத்தில் இருக்கும்போது மதகைத் திறந்தால் ஆறுதான் வயலுக்குள் வரும். அதனால் தண்ணீர் வடிய வேண்டிய மாதங்களில் மதகு மூடியே கிடக்கும். சில மதகுகள் மணலில் புதைந்து திறக்கவே முடியாமல் போயின. இதோடு கசிவும் சேர்ந்துகொள்கிறது. ஆழமாக நிற்கும் ஆற்றின் அழுத்தத்தில் தண்ணீர் கரைக்கு அடியில் ஊடுருவி வெளிப்புற வயலில் ஊற்றாக வரும். வெள்ளச் செய்தியில் இந்த வயல் வராது. இங்கே யாரும் படகில் மீட்கப்படுவதில்லை. ஆனால் நவம்பர் வந்தும் முழங்கால் தண்ணீர் நிற்கும். கோதுமை விதைக்கும் காலம் தாண்டிப்போகும். ஆண்டுக்கு இரண்டு மூன்று போகம் எடுத்த நிலம் ஒரு போகத்துக்கு இறங்கும், அல்லது அதுவும் இல்லாமல் போகும். பிகார் முழுவதும் இப்படி நீர் தேங்கும் நிலம் 9.41 லட்சம் ஹெக்டேர் என்பது அரசுக் கணக்கு. வெள்ளத் தடுப்புக்கான செலவை எழுதும் பேரேட்டில் இந்த இழப்புக்குத் தனிப் பத்தி கிடையாது.

தேங்கிய தண்ணீரில் பிழைக்க வழி கண்டவர்களும் உண்டு. மிதிலைப் பகுதியின் மக்கானா அசையாத, இடுப்பளவுத் தண்ணீரில் வளரும் பயிர். தாமரை போன்ற முள்ளிலை மிதக்கும். விதை அடியில் சேற்றில் விழும். ஆள் முங்கி அள்ளி எடுக்க வேண்டும். பொரித்த பிறகு நம் ஊர்க் கடைகளில் தாமரை விதை என்று பாக்கெட்டில் கிடைப்பது அதுதான். 2022-இல் மிதிலா மக்கானா புவிசார் குறியீடு பெற்றது. தண்ணீர் தேங்கினால் மக்கானா போட்டுக்கொள் என்று சொல்வது எளிது. முங்கி எடுக்கிற கைத்திறன் பரம்பரையாக மல்லா மீனவர்களிடம் இருக்கிறது. வயல் வேறு ஒருவருடையது. இருவருக்கும் நடுவே குத்தகை. லாபம் எப்படிப் பிரியும் என்பது தண்ணீரின் ஆழத்தை வைத்து முடிவாகிற விஷயம் இல்லை.

வெளியே, தொலைவில்

2008 ஆகஸ்ட் 18. நேபாளத்தின் குசஹா என்ற ஊருக்கு அருகில், தடுப்பணைக்குச் சுமார் 12 கிலோமீட்டர் மேலே, கிழக்குக் கரை உடைந்தது. அன்றைக்கு ஆற்றில் ஓடியது வினாடிக்குச் சுமார் 1.44 லட்சம் கன அடி. அந்தக் கரை எவ்வளவு தாங்கும் என்று வடிவமைத்தார்கள் தெரியுமா? 9.5 லட்சம் கன அடி. அதாவது தாங்க வேண்டியதில் ஆறில் ஒரு பங்குக்கும் குறைவாக ஓடும்போதே உடைந்திருக்கிறது. அந்த வருஷத்து மழையைக் குறை சொல்ல இடமே இல்லை. ஆற்றின் ஓட்டம் சில நாளாகவே கிழக்குக் கரையை முட்டி அரித்துக்கொண்டிருந்தது. படுகை மேடாகி, கரைக்கு வெளியே நிலம் பள்ளமாகக் கிடந்தது. ஓட்டை விழுந்ததும் ஆற்றின் பெரும்பகுதி அந்த வழியாக இறங்கிப் பழைய தடங்களைப் பிடித்துக்கொண்டது. சுபவுல், மதேபுரா, அரரியா, சஹர்சா, பூர்ணியா மாவட்டங்களில் 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். உடைப்பை அடைத்து ஆற்றைத் திரும்பப் பழைய இடத்துக்குக் கொண்டுவர 2009 ஜனவரி ஆகிவிட்டது.

அந்த ஊர்களில் நாற்பது ஐம்பது வருஷமாகக் கோசி வந்ததே இல்லை. வீடுகள் மேடை கட்டாமல் தரையோடு எழும்பியிருந்தன. படகுகள் இல்லை. இளைய தலைமுறைக்கு வெள்ளத்தின் பழக்கமே இல்லை. உள்ளே இருக்கிறவன் ஒவ்வொரு ஜூன் மாதமும் தானியத்தைப் பரணில் ஏற்றிவைப்பான். தொலைவில் இருக்கிறவனுக்கு அந்தப் பயம் போய்விட்டது. அதைப் போக்கியதுதான் கரை செய்த பெரிய வேலை. பயம் போன இடத்தில் பணம் வந்தது: ஆழ்துளைக் கிணறு, கல்வீடு, மக்காச்சோளத்துக்கு வாங்கிய உரம். இழக்கக்கூடிய பொருள் எவ்வளவு சேர்ந்திருந்ததோ அவ்வளவும் 2008-இல் தண்ணீருக்குள் போனது. ஒரு நிலம் எவ்வளவு அபாயத்தில் இருக்கிறது என்பதை வெள்ளம் வரும் வாய்ப்பை மட்டும் வைத்து அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

குசஹா தனி நிகழ்ச்சியும் இல்லை. 1963, 1968, 1971, 1980, 1984, 1987, 1991 என்று கோசிக் கரை அதற்கு முன் ஏழு முறை உடைந்திருக்கிறது. 1984-இல் சஹர்சா மாவட்டத்தின் நவஹட்டா அருகே உடைந்தபோது லட்சக்கணக்கானோர் மாதக்கணக்கில் அந்தக் கரைமேலேயே குடியிருந்தார்கள். கோசிப் பகுதியில் கரைக்கு இன்னொரு பயன் அதுதான். சுற்றிலும் தண்ணீர் நிற்கும்போது ஏறி உட்கார இருக்கிற ஒரே மேடு அது.

எந்த மாதம், எத்தனை நாள்

2024 செப்டம்பர் 28-29 இரவு பீர்பூரிலிருந்து வினாடிக்கு 6.61 லட்சம் கன அடி வெளியேறியது. 56 ஆண்டுகளில் அதுவே அதிகம். அந்த வேகத்தில் மேட்டூர் அணைக்குத் தண்ணீர் வந்தால், காலி அணை நிரம்ப 40 மணி நேரம் போதும். இருந்தும் கரையின் வடிவமைப்பு அளவில் அது பத்தில் ஏழு பங்குதான். மறுநாள் இரவு தர்பங்கா மாவட்டத்தின் பூபோல் அருகே மேற்குக் கரை உடைந்தது.

விவசாயியின் கண்ணில் இந்தச் செய்தியில் முக்கியமான சொல் கன அடி இல்லை, செப்டம்பர். ஆற்றின் மிகப்பெரிய வெள்ளமான 1968-உம் அக்டோபர் 5-ஆம் தேதி வந்ததுதான். ஜூலையில் வெள்ளம் வந்து நாற்று அழுகினால் மறுபடி நாற்று விடலாம். கைக்காசு போகும், பருவம் போகாது. ஆகஸ்ட் நடுவில் வந்தால் தூர் கட்டிய பயிர் போகும். செப்டம்பர் கடைசியில் நெல் பொதி கட்டிப் பூக்கும் நேரம். அப்போது நான்கைந்து நாள் மூழ்கினாலே மகசூல் போய்விடும், திரும்ப நடவும் காலம் இருக்காது. மழைக்காலம் முடியப்போகிறது என்று மூச்சு விடும் நேரத்தில் வரும் வெள்ளம்தான் அங்கே மிகவும் செலவு வைக்கும்.

சாதாரண நெல் முழுக்க மூழ்கினால் ஒரு வாரத்துக்கு மேல் தாங்காது. ஒடிசாவின் ஒரு பழைய நாட்டு நெல்லிலிருந்து கண்டெடுத்த மரபணுவை ஸ்வர்ணா ரகத்தில் ஏற்றி, ஸ்வர்ணா சப்-1 என்று 2009-இல் இந்தியாவில் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் வரை முழுகிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். அதன் தந்திரம் விசித்திரமானது: மூழ்கியதும் மற்ற நெல் தண்ணீருக்கு மேலே தலை நீட்டச் சத்தையெல்லாம் செலவழிக்கும், இது வளர்வதை நிறுத்திவிட்டு மூச்சடக்கிக் காத்திருக்கும். நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் மூன்று வாரம் தேங்கும் வயலுக்கும், ஓர் அடி மணல் விழுகிற வயலுக்கும் இதில் பதில் இல்லை. கலங்கல் தண்ணீரில் இலைக்கு வெளிச்சம் எட்டாததால் அந்த இரண்டு வாரமும் சுருங்கும்.

அங்கே விவசாயிகள் கண்ட வழி வேறு. மழைக்காலப் பயிரின் மேல் வைத்த நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டு, தண்ணீர் வடிந்தபின் போடும் பயிருக்குப் போனார்கள். அக்டோபர் கடைசியிலிருந்து விதைத்து ஏப்ரல், மே மாதத்தில் அறுக்கும் குளிர்கால மக்காச்சோளம் இன்று கோசிப் பகுதியின் உயிர்நாடி. பூர்ணியாவின் குலாப்பாக் மண்டி நாடறிந்த மக்காச்சோளச் சந்தை ஆனது இதனால்தான். வெள்ளத்துக்குத் தப்பிய பயிர் என்றாலும் வீரிய விதை, உரம், டீசல் எல்லாம் காசு கொடுத்து வாங்க வேண்டியவை. வடிய ஒரு மாதம் தாமதமானால் அந்தக் கணக்கும் உதைக்கும். மழைக்காலத்தில் ஆண்கள் பஞ்சாபுக்கு நாற்று நடப் போய்விடுகிறார்கள். 2006-இல் நாட்டின் முதல் கரீப் ரத் (ஏழைகளின் தேர்) ரயில் சஹர்சாவிலிருந்து அமிர்தசரசுக்கு ஓடியது தற்செயல் இல்லை. சொந்த வயலில் தண்ணீர் நிற்கும் மாதத்தில் இன்னொருவர் வயலில் தண்ணீர் கட்டி நெல் நடுகிறார்கள்.

மேலே அணை, பக்கத்தில் கால்வாய்

தீர்வு என்று பேசப்படுபவை மூன்று. கரையை உயர்த்துவது, பலப்படுத்துவது ஆண்டுதோறும் நடக்கிற வேலை. படுகையும் கூடவே உயரும் என்பதால் இது முடிவில்லாத ஓட்டம். பராஹ க்ஷேத்திர உயர் அணை இன்னும் பேச்சில் இருக்கிறது. ஆய்வுக்காக 2004-இல் நேபாளத்தின் விராட்நகரில் கூட்டு அலுவலகம் திறந்தார்கள். நிலநடுக்கப் பகுதி, மூழ்கப்போகும் நேபாள ஊர்கள், அணைக்குள்ளேயே சேரப்போகும் மணல் என்று கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. மூன்றாவது கோசி-மேச்சி இணைப்பு. தடுப்பணையிலிருந்து போகும் கிழக்குக் கால்வாயை, கிழக்கே ஓடும் மேச்சி ஆறு வரை நீட்டும் இந்தத் திட்டத்துக்கு 2025 மார்ச்சில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மதிப்பு 6,282 கோடி ரூபாய். 2.1 லட்சம் ஹெக்டேருக்குக் கூடுதல் பாசனம் கிடைக்கும் என்கிறார்கள். பாசனத் திட்டமாக அதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். வெள்ளத்தைக் குறைக்கும் என்பதுதான் நம்பக் கஷ்டமாக இருக்கிறது: கால்வாயில் போவது ஆயிரங்களில், வெள்ளம் வருவது லட்சங்களில். கிழக்கு மேற்காக ஓடப்போகும் அந்தக் கால்வாயின் கரையே வடக்கிலிருந்து தெற்கே வடியும் மழைத்தண்ணீருக்கு இன்னொரு தடுப்பாகாமல் இருக்க எத்தனை வழி விடுவார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

மணலைக் குறித்து இந்த மூன்றும் பெரிதாக எதுவும் சொல்வதில்லை.

இழப்பீட்டுக் கணக்கு

பயிர்க் காப்பீட்டில் பிகார் தனி வழி போனது. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்திலிருந்து 2018-இல் விலகி, பிரீமியம் இல்லாத சொந்த உதவித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. விளைச்சல் வரம்பைவிட 20 சதவீதம் வரை குறைந்தால் ஹெக்டேருக்கு 7,500 ரூபாய், அதற்கு மேல் குறைந்தால் 10,000. அதிகபட்சம் இரண்டு ஹெக்டேர். வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து உழுகிறவரும் விண்ணப்பிக்கலாம் என்பது இதில் நல்ல அம்சம். கோசிப் பகுதியில் வாரக் குத்தகை பெரும்பாலும் வாய்ப்பேச்சு, காகிதம் இருக்காது. குறை எங்கே என்றால், இழப்பு தனித்தனி வயலாக அளக்கப்படுவதில்லை. ஒரு பகுதி முழுவதன் சராசரி விளைச்சல்தான் அளவுகோல். வெள்ளமோ வயலுக்கு வயல் வேறுபடும். மேட்டு வயல்காரர் நன்றாக விளைத்துவிட்டால், பள்ளத்து வயல்காரரின் நஷ்டம் சராசரிக்குள் கரைந்துபோகும்.

பேரிடர் நிவாரண நிதியின் விதிகள் தனி. ஆறு தடம் மாறி நிலமே போய்விட்டால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47,000 ரூபாய். வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்தால் அதை அகற்ற ஹெக்டேருக்கு 18,000 ரூபாய். இந்தக் கடைசி எண்ணை ஒரு வயலில் வைத்துப் பார்க்கலாம். 2008-இல் உடைப்புக்கு அருகே இருந்த வயல்களில் படிந்தது அங்குலக் கணக்கு இல்லை, அடிக் கணக்கு. மூன்றடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டேரில் மூன்றடி மணல் என்றால் சுமார் 9,000 கன மீட்டர். ஒரு டிராக்டர் டிரெய்லர் ஒரு நடைக்கு மூன்று கன மீட்டர் அள்ளும். மூவாயிரம் நடை. 18,000 ரூபாயை அதால் வகுத்தால் நடைக்கு ஆறு ரூபாய்.

சரி, ஆறு ரூபாய்க்கும் ஒருவர் வண்டி ஓட்ட முன்வந்தார் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே கொண்டுபோய்க் கொட்டுவார்? பக்கத்து வயலிலும் மூன்றடி மணல்தான். அதற்குப் பக்கத்திலும்.